பதினோரு பாட்டு, நூற்றுத் தொண்ணூறு மைல்

முதல் பாட்டு தொடங்குமுன்
நாற்காலி ஒன்று கிரீச்சிடுகிறது.
அதை வெட்டி எறியாமல் விட்டாளே கார்லிஸ் டீக்,
அங்கேயே எனக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

நெப்ராஸ்கா. ஜனவரி. காலை ஐந்தே கால்.
முதுகுக்குப் பின்னால் மூவாயிரம் கேலன் எரிவாயு.
கண்ணாடித் துடைப்பான் தாளம் தப்பித் தப்பி
இரண்டாம் பாட்டில்தான் டிரம்காரனோடு சேர்கிறது.

இனிமையான குரல் என்று சொல்ல மாட்டேன்.
முள்வேலியில் மாட்டிய பிளாஸ்டிக் பை
காற்றுக்கு விடாமல் படபடக்குமே, அப்படி.
உச்சிக்கு ஏறப்போகிறாள் என்று
நான் மூச்சைப் பிடிக்கும் இடத்தில்
ஏறாமல் பாதிப் படியில் உட்கார்ந்துகொள்வாள்.
ஸ்டீல் கிதார் மட்டும் எழுந்து போய்
கதவைத் திறந்து பார்த்துவிட்டு வரும்.

நான்காவது வேண்டாம்.
வானொலிக்காகப் பண்ணியது:
கைதட்டல், பீர், ஆற்றங்கரை, பிக்கப் வண்டி.
அவளுக்கும் வீட்டு வாடகை இருக்கும்.
தாண்டிவிடுவேன்.

ஐந்தாவதில் பிரிகிற இருவர் சாமான் பிரிக்கிறார்கள்.
கட்டில் உனக்கு, நாயும் உனக்கே,
ஏணி மட்டும் எனக்கு என்கிறாள்.
ஏன் ஏணி என்று பாட்டு முடியும்வரை சொல்வதில்லை.
நான் கேட்டு வாங்கிக்கொண்டது
ட்வேனின் ஸ்பேனர் பெட்டி.
பதினாறு ஸ்பேனர்; இதுவரை ஒரு நட்டுகூடத் திருகியதில்லை.
யாராவது காரணம் கேட்டால்
அந்தக் கிதார்தான் எனக்காகப் பதில் சொல்ல வேண்டும்.

தம்பி வெர்ன் சொல்கிறான், இது கண்ட்ரியே இல்லையாம்.
ஃபிடில் எங்கே, தொப்பி எங்கே, குதிரை எங்கே?
அவன் குதிரையைத் தொட்டு இருபது வருஷமாகிறது.
ஓமாஹாவில் காப்பீடு விற்கிறான்.

ஏழாவது பாதியில் ஓபர்மில்லர் பண்ணை வந்துவிட்டது.
தாளில் ‘நிரப்பு’ என்று இல்லை.
‘பூட்டு’ என்று இருக்கிறது. மூன்று மாதப் பாக்கி.
சிவப்புப் பூட்டு, உள்ளங்கை அகலம்,
குளிரில் கையுறையோடு ஒட்டிக்கொண்டது.
சமையலறை ஜன்னலில் ரோண்டா,
இடுப்பில் குழந்தை, வாயில் டூத்பிரஷ்.
கையசைத்தாள்.
நிரப்ப வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பாள்.
நானும் கையசைத்தேன்.
பூட்டினேன்.

பாட்டு கேட்டால் மனசு இளகும் என்பவர்கள்
என் வண்டியில் ஒருநாள் வந்து பார்க்கட்டும்.
ஏறி உட்கார்ந்தபோதும் கார்லிஸ் பாடிக்கொண்டுதான் இருந்தாள்.
அவள் என்னை நிறுத்தவில்லை.
நான்தான் அவளை நிறுத்தினேன்.

நாற்பது மைல் வெறும் எஞ்சின்.
மணல்மேடு, மாடு, மணல்மேடு.
பாடாத பாட்டு
அடுத்த சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

மல்லன் தாண்டி ஓரம் கட்டி ஆபீசுக்குப் போன் போட்டேன்.
நூறு கேலன், என் சம்பளத்தில் பிடித்துக்கொள் என்றேன்.
‘உனக்கென்ன பைத்தியமா’ என்றார் கெய்ல்.
பிறகு, ‘நாளைக்குப் பார்க்கலாம்.’
அது சம்மதமில்லை. மறுப்புமில்லை.
எங்கள் ஊர்க் குளிருக்கு நாளை ரொம்ப தூரம்.

எட்டாவதைப் போட்டேன்.
மோட்டலில் படுக்கை விரிப்பவளுக்கு
ஒற்றைக் கம்மல் கிடைக்கிறது.
வருஷம் முழுக்கக் கேட்டு யாரும் வராததால்
ஒரு காதில் மட்டும் போட்டுக்கொள்கிறாள்.
அவ்வளவுதான் கதை.
மூன்று முறை கேட்டேன்.

பதினோராவதில் வாத்தியமே கிடையாது.
அவள் மூச்சு, பக்கத்து அறைக் குழாய்ச் சொட்டு.
முடிந்ததும் அந்த நாற்காலிச் சத்தம் வருமென்று
பண்ணைக் கதவுக்கு வெளியே எஞ்சினை அணைத்துக் காத்திருந்தேன்.

வரவில்லை.
இன்னும் எழுந்திருக்கவில்லை போல.