நாமா, நாங்களா

வார்ரெகல் வீதிச் சமூக மண்டபம்,
மேற்குச் சிட்னி, செவ்வாய் மாலை ஆறரை.
கராத்தே வகுப்பின் வியர்வை இன்னும் பாய்களில் இருந்தது.
நூறு நாற்காலி போட்டிருந்தார்கள்.
வாசலில் நின்ற பெண் முப்பத்தொன்பது பேர் என்று எண்ணினார்,
என் கழுத்து அட்டையைப் பார்த்ததும்
முப்பத்தெட்டு என்று திருத்தினார்.

விதி இதுதான்:
பேசுபவர் 'நான்' என்றால் நானும் 'நான்' என்பேன்.
கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது,
முகம் சுளிக்கவும் கூடாது.
குறைந்தது தொண்ணூறு நிமிடக் கூலி.

மேடையில் கம்பனியின் ஆள், லாக்லன் ப்ரூயின்.
சட்டைக் கையை மடித்திருந்தார். நல்லவராகவே தெரிந்தார்.
திரையில் வெள்ளையாய் ஒரு கட்டடம், ஆஸ்பத்திரி மாதிரி.
புகைபோக்கி இருந்தது,
புகையை வரைய மறந்திருந்தார்கள்.

அவர் வாயில் அடிக்கடி வந்தது ஒரே சொல்.
ஆங்கிலத்தில் அந்த வீட்டுக்கு ஒரே கதவு.
எங்கள் மொழியில் இரண்டு:
கேட்பவரை உள்ளே விடுவது ஒன்று,
படலையிலேயே நிறுத்துவது மற்றது.

'நாங்கள் பிரிப்போம்' என்றேன். சரி.
'மிஞ்சியதை நாங்கள் எரிப்போம்.' அதுவும் சரி.
'நாங்கள் இரவு பகலாய் அளப்போம்.'
பிறகு அவர் இரண்டு கையையும் விரித்து,
ஒரே காற்றைத்தானே எல்லாரும் சுவாசிக்கப் போகிறோம் என்றார்.

அவர் வீடு எங்கே என்று எனக்குத் தெரியாது.
கேட்கவும் எனக்கு அனுமதி இல்லை.
அரை விநாடி.
'நாம்' என்றேன்.

பத்மலோசனி என் பக்கம் சாய்ந்தார்:
"ஆர் சொன்னது? அவரோ, நீரோ?"

கேள்வி நேரம்.
டோங்காக்காரர் ஒருவர், பள்ளிக்கூடம் விடும் நேரத்தில்
எத்தனை லொறி என்று கேட்டார்.
ஒரு பையன் சாம்பல் எங்கே போகும் என்றான்.
அதற்கு ஒரு படம் இருந்ததாம்,
கணினி சுற்றிக்கொண்டே இருந்தது, படம் வரவில்லை.

பத்மலோசனி எழுந்தார். கையில் நீல இன்ஹேலர்.
"என்ரை பிள்ளைக்கு முட்டு.
காடு எரிஞ்ச வருசம் மூண்டு நாள் ஆசுப்பத்திரியிலை.
உங்கடை மெசின் சிவப்புக் காட்டினா
முதல்லை ஆருக்கு ஃபோன் வரும்?
எனக்கோ, உங்கடை கந்தோருக்கோ?"

ஆங்கிலத்தில் அதை நான் சொன்னபோது
பிள்ளை என்னுடையதாயிற்று.
எனக்குப் பிள்ளை இல்லை.
ஆனாலும் மண்டபம் என்னைத்தான் திரும்பிப் பார்த்தது,
முன்வரிசைப் பெண் தண்ணீர்ப் போத்தல் நீட்டினார்.
வாங்கிக் குடித்தேன்.

லாக்லன் கொஞ்ச நேரம் பேசவில்லை.
இதை இதுவரை யாரும் கேட்கவில்லை என்றார்.
குறித்துக்கொள்ளப் பார்த்தார், பேனா எழுதவில்லை,
உதறி மறுபடி எழுதினார்.
விசாரித்துப் பதில் சொல்வோம் என்றார்.
'நாங்கள்' என்றேன்.
இந்த முறை யோசிக்கவே இல்லை.

மண்டபத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி என் வீடு.
நாளை புதன், குப்பை நாள்.
மஞ்சள் மூடிக்குள் கழுவாத தயிர்ப் பேணி,
எண்ணெய் ஊறிய பீட்சா அட்டை.
சிவப்பு மூடிக்குள், எதிலே சேரும் என்று தெரியாத எல்லாம்.
மிஞ்சியது, மிஞ்சியது என்று
ஒன்றரை மணி நேரம் நான் சொன்னது இதைத்தான்.
தள்ளிக்கொண்டு போனபோது சக்கரம் கிறீச்சிட்டது,
எதிர்வீட்டு நாய் குரைத்தது.

கூலிப் படிவத்தின் கடைசியில் ஒரு கேள்வி:
இந்தக் கூட்டத்தில் உங்களுக்குத்
தனிப்பட்ட நலன் ஏதும் உண்டா?
இரண்டு கட்டம். உண்டு. இல்லை.

பெயர் எழுதினேன். மணிக்கணக்கு எழுதினேன்.
முகவரி கேட்ட இடத்தில்
தெருப் பெயரை நிறுத்தி நிதானமாய் எழுதினேன்.
கட்டங்களை அப்படியே விட்டு
ஜன்னலைச் சாத்தினேன்,
பிறகு திறந்தேன்.