கடைசிப் பக்கம் நினோஸ்காவிடம்

வாசிக்கப் பிடித்தது என்ன?
ஒரே கேள்வி. கால் தாளில் அச்சடித்து
பத்தாம் வகுப்பு பி பிரிவுக்குக் கொடுத்தேன்.
பெயர் எழுத வேண்டாம் என்றேன்.
கையெழுத்து தெரியாதா எனக்கு.

சிலோயே தீவில் ஜூன் மாதம்.
மழை கூரையை விட்டு இறங்காத வாரம்.
விறகடுப்பைச் சுற்றி இருபத்தாறு ஜோடி பூட்ஸ்
ஆவி விட்டுக்கொண்டிருந்தன.

ஒன்றுமில்லை: பதினொரு தாள்.
ஒன்றுமில்லை, மன்னிக்கவும்: ஒரு தாள்.
(அந்த மன்னிக்கவும்தான் அன்றிரவு
என்னைத் தூங்க விடவில்லை.)
முடிச்சாயப் பெட்டியின் பின்பக்கம்: யாஸ்னா.
சுரங்கத்திலிருந்து அண்ணன் அனுப்பும் செய்தி, இரண்டு முறை:
இது யாரென்று சொல்ல மாட்டேன்.
அலை அட்டவணை: மைக்கோல் கினேயோ.
கடைசிப் பக்கம் மட்டும், நாய் செத்தால் தொடங்கவே மாட்டேன் என்று
தாளின் விளிம்பில் வளைந்து ஏறிய எழுத்து
நினோஸ்காவுடையது.

பத்தொன்பது வருடம் நான் என்ன செய்தேன்?
கதையில் வரும் விதவையின் சால்வை
என்ன நிறம் என்று கேட்டேன்.
நிறம் சொன்னவனுக்கு இரண்டு மதிப்பெண்.
சால்வைக்குள் அவள் நடுங்கியதற்கு
விடைத்தாளில் கட்டம் இல்லை.

மறுநாள் மைக்கோலை
அட்டவணையோடு முன்னால் கூப்பிட்டேன்.
வகுப்பு சிரித்தது. அவனும் சிரித்தான்.
பிறகு படித்தான்.
செவ்வாய், ஆறு நாற்பத்திரண்டு, ஐந்து மீட்டர் முப்பது.
பன்னிரண்டு ஐம்பத்தொன்று, நாற்பது சென்டிமீட்டர்.
கடல் வருகிறது, கடல் போகிறது,
நடுவே அவன் அப்பா
சிப்பிக்காக மூழ்கி எழுகிற நேரம்.
வியாழனுக்கு வந்ததும் குரல் இறங்கியது.
அந்தத் தேதியைச் சுற்றிப் பென்சிலில் ஒரு வட்டம்,
பக்கத்தில் ஒரு எழுத்துகூட இல்லை.
"அப்புறம்?" என்றது பின்வரிசை.
"அப்புறம் வெள்ளி" என்றான்.

யாரும் சிரிக்கவில்லை.
வட்டம் எதற்கு என்று கேட்க
என் வாய் திறந்தது, பழக்கதோஷம்.
மூடிக்கொண்டேன்.

அப்போது பஸ்தியான், பூட்ஸைத் திருப்பி வைத்தபடி:
"நீங்க கடைசியா என்ன படிச்சீங்க டீச்சர்?
பாடத்துக்கு இல்ல. சும்மா."

அடுப்பில் விறகொன்று வெடித்தது.
பொய் சொல்லியிருக்கலாம், பெயர்கள் கைவசம் உண்டு.
"போன குளிர்காலத்துக்கு முந்தினது," என்றேன்,
"அதையும் முடிக்கல."
இருபத்தாறு பேரும் என்னைப் பார்த்த பார்வையில்
கேலி இல்லை.
காய்ச்சல்காரியைப் பார்க்கிற பார்வை அது.

புதன்கிழமை என் மேசையில்
நூலக அலமாரியின் அடித்தட்டிலிருந்து
அட்டை உப்பிய ஒரு நாவல்.
கடைசித் தாளை பிளேடால் நறுவிசாக வெட்டியிருந்தார்கள்.
உள்ளே ஒரு சீட்டு:
நாய் இருக்கிறது. மீதி என்னிடம்.

பள்ளிச் சொத்து, அபராதம் உண்டு,
பதிவேட்டில் எழுத வேண்டும்.
எழுதவில்லை.
பஸ்ஸில் படித்தேன். இறங்கவேண்டிய இடம் தாண்டி
கெயோன் துறைமுகம்வரை போய்
சொட்டச் சொட்டத் திரும்பி நடந்தேன்.
உருளைக்கிழங்கு தீய்ந்தது.
சனிக்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கு
இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தில்
நாய் ஆற்றில் இறங்கியது.

அவ்வளவுதான். அதற்குமேல் அட்டை.

ஞாயிறு முழுக்க
திருத்தாத விடைத்தாள்களுக்கு முன்னால் உட்கார்ந்து
அந்த ஆற்றின் அகலத்தை அளந்துகொண்டிருந்தேன்.
அவளுக்கு அன்று மீன் ஆலையில் அம்மாவோடு ஷிப்ட்.
எண் தெரியும். கூப்பிடவில்லை,
கௌரவம் தடுத்தது, கொஞ்சம்தான்.

திங்கள் காலை ஏழரைக்கு
காவல்காரருக்கும் முன்னால் நான் வாசலில்.
குடை மடங்கியிருந்தது, விரிக்க மறந்திருக்கிறேன்.
நினோஸ்கா மான்சியா தெருமுனையில் திரும்பினாள்,
என்னைக் கண்டதும் நடையைத் தளர்த்தினாள், வேண்டுமென்றே.

கிட்ட வந்து
என் கண்களுக்குக் கீழே கறுத்திருந்ததைப் பார்த்தாள்.
கதை புரிந்ததா என்று கேட்கவில்லை.
நாயின் நிறம் கேட்கவில்லை.
ஜாக்கெட்டின் உள்பையிலிருந்து எடுத்து நீட்டினாள்:
நான்காக மடித்த தாள்,
ஓரத்தில் மீன்செதில் ஒன்று
ஒட்டிக்கொண்டு மின்னியது.