பின்சுவர்

தூக்கம் போய் இது ஐந்தாவது மாதம்.
டிஸ்பென்சரியில் கொடுத்த மஞ்சள் மாத்திரை
வாயைத்தான் உலர்த்தியது.
பூண்டுலோயாவில் இந்த நேரத்துக் குளிர்
எலும்பைத் தேடி வரும்.
கம்பளியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு
பின்கதவுக் கொண்டியைச் சத்தமில்லாமல் தூக்குவேன்.

எட்டடிக்குப் பத்தடித் தோட்டம்.
இரண்டு வரிசை லீக்ஸ்,
கம்பில் ஏற அடம்பிடிக்கும் போஞ்சி,
வேலியோரம் தலைகீழாய்த் தொங்கும் வெள்ளை ஊமத்தம்பூ.
காம்பராவின் பின்சுவரில்
மகன் கொழும்புக்குப் போகுமுன் மாட்டிய ஒற்றை பல்பு.
சுண்ணாம்படித்த அந்தச் சுவருக்குத்தான்
வருகிறார்கள்.

ஆமாம், வருகிறார்கள் என்றுதான் சொல்வேன்.
பன்னிரண்டுக்கு முன் வருவதெல்லாம் சில்லறை,
டஸ்ட் தேயிலை சிந்தினாற்போல்.
ஒரு மணிக்கு மேல்தான் பெரிய ஆட்கள்.
கருகிய ரொட்டி விளிம்பு மாதிரி ஒருத்தர்.
கழுத்தைச் சுற்றிப் புசுபுசுவென்று மயிர் வைத்து
மழைநாளில் கொழுந்தெடுக்கப் போகிறவள் மாதிரி ஒருத்தி:
கம்பளிக்காரி என்று பெயர் வைத்தேன்.
இறக்கையில் பச்சைக் கோடிழுத்தவன்
கணக்கப்பிள்ளை.
ஒரே ஒரு தரம், ஐப்பசி மழைக்கு நடுவில்,
இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று வந்தது.
இறக்கை முனையில் பாம்பின் முகம்.
அதற்குப் பெயர் வைக்கத் தைரியம் வரவில்லை.

மகனின் பழைய போன்.
ஃப்ளாஷ் போட்டால் இறக்கைத் தூளெல்லாம் வெளுத்துச் செத்துவிடும்.
அதனால் இடது கையில் டோர்ச்சைச் சாய்த்து,
ஒரு சாண் தூரத்தில்,
மூச்சைப் பிடித்து.
அந்த இரண்டு நொடிக்கு
தொங்கல் லயத்து நாயும்
கொழும்பிலிருந்து வராத காசும்
மலைக்குள் எங்கோ தண்ணீர் நடக்கிற சத்தமும்
கேட்பதில்லை.

"பூச்சியப் பிடிச்சு யாருக்கு விக்கப்போற?" என்பாள் யோகமலர்.
பிடிப்பதில்லை என்றால் அவளுக்குப் புரியவில்லை.
எனக்கும் முழுசாய்ப் புரிந்ததென்று சொல்ல மாட்டேன்.

போன புதன்கிழமை மழை விடவேயில்லை.
எதுவும் வராது என்று தெரிந்து
அடுப்படியில் குந்தி
பழைய படங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன்.

ஆடியில் கம்பளிக்காரி. காலடியில் ஒரு கீறல்,
தலைமயிர் ஒட்டினாற்போல்.
ஆவணியில் கணக்கப்பிள்ளை. அதே கீறல்.
அவன் மீசை அதற்குள் போகிறது.
புரட்டாசியில் சாம்பல் நிறத்தில் ஒன்று,
தலை உள்ளே, உடம்பு வெளியே.
பாம்பு முகத்தான் இறக்கை விரித்து
கீறல் முழுவதையும் மூடி உட்கார்ந்திருக்கிறான்.
அதற்கடுத்த படத்தில் பூச்சியே இல்லை.
ஏன் எடுத்தேன் என்று பெரிதாக்கினேன்.
வெடிப்புக்குள்ளிருந்து இரண்டு கண்
செம்பு நிறத்தில் என்னைப் பார்த்தன.

இத்தனை மாதம் நான் சுவரைப் பார்க்கவேயில்லை.

ஆபீசில் சின்னதுரை போனை வாங்கி
விரலால் தள்ளித் தள்ளி
பாம்பு முகத்தில் நின்றுவிட்டார்.
"இது நம்ம மலையிலயா இருக்கு?"
சுவரைப் பாருங்க சேர், என்றேன்.
பார்த்தார். திகதிகளையும் பார்த்தார்.
எழுதி மேலே அனுப்புவோம் என்றார்.
போனைத் திருப்பித் தரும்போது,
"அந்தப் பெருசை மட்டும் எனக்கு அனுப்பிவிட முடியுமா?"

அனுப்பினேன்.
வெடிப்புள்ள பதினொன்றையும் சேர்த்தே அனுப்பினேன்.
இரண்டு நீலக் குறி விழுந்தது. அவ்வளவுதான்.

இப்போது அடையாள அட்டைகளும்
மகனின் சான்றிதழும் ஷாப்பிங் பேக்கில்
முன்கதவு ஆணியில் தொங்குகின்றன.
வெடிப்பின் ஓரத்தில், அளவு தெரியட்டும் என்று,
ஐந்து ரூபாய்க் குற்றி ஒன்றை
சவர்க்காரத்தால் ஒட்டிவைத்தேன்.

இரண்டே முக்கால்.
கம்பளிக்காரி வந்து
சரியாய் அந்தக் குற்றியின் மேல் உட்கார்ந்திருக்கிறாள்.
விரட்ட மனம் வரவில்லை.
மழை கனக்கிறது. ஊமத்தம்பூவில் ஒன்று
லீக்ஸ் பாத்தியில் விழுகிறது.
கொஞ்சம் நகரு தாயே என்று
போனைப் பிடித்தபடி நிற்கிறேன்.