குறைந்தது இவ்வளவு

கெலுகோரில் இன்னும் விடியவில்லை, மழை.
சமையலறை மேசையில் மடிக்கணினி,
சிலியின் வறண்ட மலையொன்று அனுப்பிய
முப்பத்தொரு நிறமாலைகள்.

எந்தத் தொலைநோக்கியிலும் அது ஒற்றைப் புள்ளிதான்.
ஹீலியம் கோடுதான் குட்டை உடைத்தது:
ஓரிரவு ஒன்றாய், மறுஇரவு இரண்டாய்.
ஒன்று நீலத்துக்கு நகர, மற்றது சிவப்புக்கு.
கனமானது கொஞ்சம் அசைகிறது,
இலேசானது அதிகம் அலைகிறது.
பட்டர்வொர்த் ஃபெரிகள் இரண்டு
நடுக்கடலில் கடப்பதுபோல என்று
பள்ளிப் பிள்ளைகளிடம் சொல்வேன்.
பொய். ஃபெரி கரை தொட்டால் நிற்கும்.

பெரிய நட்சத்திரங்களுக்குக் கூர்மையான கோடு கிடையாது.
சுழலும் வேகத்தில் அகன்று
ஈரத்தாளில் எழுதிய மைபோலக் கசிந்திருக்கும்.
நடு எது, ஓரம் எது என்று தேடித் தேடியே
என் கண்ணாடிக்குப் பவர் ஏறிற்று.

ஒரு சுற்றுக்கு மூன்று நாள், பதினேழு மணி.
வளைவு வந்துவிட்டது,
நான்கு புள்ளிகளைத் தவிர.
நான்கும் ஒரே வாரம். நான்கும் ஒரே பக்கம் விலகி நின்றன,
கல்யாண வீட்டில் கோபித்துக்கொண்ட பங்காளிகள் மாதிரி.

நட்சத்திரக் காற்றைக் குறை சொன்னேன்.
கருவியைக் குறை சொன்னேன்.
மூன்றாவது ஒன்று மறைந்திருக்கிறதென
ஆறு பக்கம் எழுதி
அதற்கு எடையும் போட்டேன்.

பிறகுதான் அந்தப் பழைய நோட்டு.
அருளப்பன் பாயான் லெப்பாஸில்
இரவு ஷிப்டுக்கு மாறிய வாரம் அது.
திரைச்சீலை மூடிய அறையில் அவன் தூங்க,
பட்டப்பகலில் இதே மேசையில்
சிலியின் இரவை நான் இயக்கிக்கொண்டிருந்தேன்.
தொடங்கிய நேரமெல்லாம் என் கையெழுத்தில்.
எல்லாம் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்து எழுதியவை.
கிரீன்விச் நேரம் இல்லை, பினாங்கு நேரம்.

எட்டு மணி.
கழித்தேன்.
நான்கும் சத்தமில்லாமல்
வளைவில் வந்து உட்கார்ந்தன.

மூன்றாவதை அழிக்க ஒரு பொத்தான் போதுமாயிருந்தது.

சாய்வு மட்டும் தெரியாது.
ஒன்றையொன்று மறைப்பதில்லை இவை;
எந்தக் கோணத்தில் சுற்றுகின்றன என்பதைக்
கோடுகள் சொல்வதும் இல்லை.
அதனால் எடை எழுதும்போதெல்லாம்
முன்னால் ஒரு சொல்லை வைக்கிறேன்:
குறைந்தது இருபத்தாறு சூரியன்,
குறைந்தது பத்தொன்பது.

கதவு. காலணி கழலும் சத்தம்.
"பசியாறியாச்சா?"
மழையில் நனைந்த ரொட்டி சானாய்ப் பையை
மேசைமேல் வைக்கிறான்.
எனக்கு ஒன்று போதும் என்றுதான் சொல்லியிருந்தேன்.
தூக்கிப் பார்க்கிறேன்.
குறைந்தது ஐந்து.