ஐம்பத்தாறாவது காளை

லாங்கு பஜார் சந்துக்குள் எங்கள் ஷீல்டு கடை.
தை பிறந்தால் ஊர் ஊராய் விழாக் கமிட்டி வரும்.
மாடு விடும் விழாவுக்கு
முதல் பரிசு எழுபதாயிரம்,
அங்கிருந்து இறங்கி இறங்கி
ஐம்பத்தைந்தாம் பரிசு ஓர் எவர்சில்வர் அண்டா.
அதற்கும் கீழே பத்து ஷீல்டு.
"அதுல இன்னா போடணும்?"
"வழக்கமா போடறதுதான்" என்றார் பொருளாளர்
ரசீதிலிருந்து கண்ணெடுக்காமல்.

தங்க நிற ஸ்டிக்கரில் வெட்டி
ஊசி முனையால் எடுத்து ஒட்டுவேன்:
ஆறுதல் பரிசு.
ஒரே நாளில் நாற்பது முறை ஒட்டினால்
எந்தச் சொல்லும் வெறும் வளைவுதான்.

வெளியே அதற்கு வேறு பிழைப்பு.
ராணிப்பேட்டை ஷூ கம்பெனியில்
வேலை கிடைக்காத என் தம்பி
ஏற்றுமதியில் கழித்த ஜோடி ஒன்றைப்
பாதி விலைக்கு வாங்கிவந்து
"ஆறுதல் பரிசு" என்றான். இடது கால் கடித்தது.
என்னைப் பார்க்க வந்த ஆற்காட்டுக்காரர்கள்
மக்கன்பேடா டப்பாவை விட்டுப்போனார்கள்.
வேண்டாம் என்று போன் வந்த இரவு
கடைசி ஒன்றை எனக்கென்று எடுத்துவைத்த அம்மா
அதற்குப் பெயர் எதுவும் சொல்லவில்லை.

மாசியில் ஊசூர்ப் பக்கமிருந்து தணிகாசலம் வந்தார்.
மஞ்சள் பையிலிருந்து ஷீல்டை எடுத்து
மேசைமேல் குப்புற வைத்தார்.
"பத்து செகண்டு முப்பத்தஞ்சு பாயிண்டு.
அண்டா வாங்குனவன் மாடு முப்பத்தி நாலு.
அத்த வுடு.
ஓடி முடிச்சி நேரா தண்ணித் தொட்டிக்குப் போச்சி.
அது அழுவல. நானும் அழுவல.
இதுல யாருக்கும்மா ஆறுதல்?"

எனக்குப் பதில் வரவில்லை.
புண் ஆறும், டீ ஆறும்,
கோபம்கூட ஆறும் என்கிறார்கள்.
ஓடிவந்த மூச்சு ஆற
ஒரு தொட்டித் தண்ணீர் போதும்போல.

"அந்த ஒரு வார்த்தைய மட்டும் எடுத்துரு.
எவ்ளோ ஆனாலும் குடுக்கறேன்."

ஆறுதலைப் பிரிக்கச் சூடு காட்ட வேண்டும்.
காட்டி, பிளேடால் நெம்பினேன்.
'தல்' தனியே கிழிந்து வந்தது,
மீதி எங்கோ சுருண்டது.
பலகையில் இப்போது பரிசு மட்டும்,
வலது ஓரமாய்.
"நடுவுல தள்ளி ஒட்டட்டுமா?"
"வேணாம். அது நின்ன எடத்துலயே நிக்கட்டும்."
இருபது கேட்டேன்.
பத்து கொடுத்துவிட்டுப் போனார்.

இருட்டுமுன் கிளம்பி, காட்பாடி பஸ்.
பாலாற்றுப் பாலத்தில் டிரைவர் பிரேக் போட
ஜன்னல் கம்பியை இறுகப் பிடித்தேன்.
கீழே மணல், சீமைக் கருவேலம்,
யாரோ காயப்போட்ட போர்வை.
என் கட்டைவிரலில், தங்க நிறத்தில்,
தலைகீழாய்,
ஆறு.