பன்னிரண்டு வெள்ளி வித்தியாசம்

அதிகாலை நாலரை.
சூலியா தெரு இன்னும் புரண்டு படுக்கவில்லை.
கைவிளக்கோடு குனிந்து நிற்கிறேன்.
எல்லோரும் உறங்கும் நேரத்தில்
தண்ணீர் மீட்டரின் சிவப்பு முள்
நகரக் கூடாது.
நகர்ந்தால்
நாற்பத்திரண்டு அறைகளில் ஏதோ ஒன்று
யாரையும் எழுப்பாமல் ஒழுகிக்கொண்டிருக்கிறது.

இன்று முந்நூற்று ஏழு.
கழிவறைத் தொட்டியின் ரப்பர் வளையம்.
இரண்டு வெள்ளி எண்பது காசு.

எதிர் விடுதி போன வருடம் திறந்தது.
வாசலில் பச்சை இலைச் சின்னம்,
வரவேற்பறைச் சுவர் முழுக்கக் கொடி.
தொட்டுப் பார்த்திருக்கிறேன், பிளாஸ்டிக்.
மாதம் ஒருமுறை ஏணி போட்டு
அதன் தூசியைத் துடைக்கிறான் ஒரு பையன்.
அவர்கள் அறை எங்களுடையதைவிடப்
பன்னிரண்டு வெள்ளி அதிகம்.
அதுதான் முதலில் நிரம்புகிறது.

"நமக்கும் ஓர் இலை வேண்டும்" என்றார்
முதலாளி தான் சியூ லாய்.
ஆலோசகர் வந்தார், மூங்கில் பேனாவோடு.
வெளியே அவர் கார் ஏர்கோனை நிறுத்தாமல்
ஓட்டுநரை உறங்கவைத்தது.

நான் நடுமுற்றத்துக்கு அழைத்துப் போனேன்.
எந்தக் காலத்து அரிசி வணிகனோ
சூடு ஏறி வெளியேறட்டும் என்று
வானத்துக்குத் திறந்துவிட்ட வாய்;
பின்னால் வந்த யாரோ தகரத்தால் பொத்தியிருந்தார்கள்.
தகரத்தைக் கழற்றிய மாதம்
மின்கட்டணத்தில் ஆயிரத்து நூறு வெள்ளி இறங்கியது.
மழை உள்ளே விழுகிறது, விழட்டும்,
கீழே தொட்டி இருக்கிறது,
அந்தத் தண்ணீரைத்தான் மாடிக் கழிவறைகள் குடிக்கின்றன.

ஆலோசகர் அண்ணாந்து பார்த்தார்.
வெகுநேரம் பார்த்தார்.
"தகரம் கழற்றியதற்கு
ரசீது இருக்கிறதா?"

கட்டிலுக்கு ஒன்றாக அட்டைகள் மட்டும் வந்தன:
துண்டைத் தொங்கவிடுங்கள், கடலைக் காப்பாற்றுங்கள்.
விருந்தினர் தொங்கவிட்டார்கள்.
சலவை லாரி நாள் விட்டு நாள் வந்தது.
முதலாளி கணக்கைப் பார்த்துச் சிரித்தார்.

அம்சவேணி சிரிக்கவில்லை.
விரிப்பு மாற்றும் அறைக்கு மூன்று வெள்ளி மேற்படி,
மாற்றாத அறைக்கு ஒன்றுமில்லை.
"கடல நான்தான் காப்பாத்துறேன் அண்ணே,
மாசம் நூத்தி எழுவது வெள்ளி போட்டு."
சொல்லிவிட்டுத் தள்ளுவண்டியோடு போனாள்.
அதன் ஒரு சக்கரம் கிறீச்சிட்டது.
எண்ணெய் போட மறந்தது நான்.

அன்றிரவு பழைய பில்லின் பின்பக்கத்தில்
அடைத்த கசிவு, மிஞ்சிய மின்சாரம், குறைந்த சலவை
எல்லாம் வரிசையாகக் கூட்டினேன்.
கடைசியில் நூற்று எழுபதைக் கழித்து,
பக்கத்தில் அவள் பெயரையும் எழுதி
முதலாளி மேசையில் வைத்தேன்.
மூன்று நாள் கோப்பிக் குவளைக்கு அடியில் கிடந்தது.
நாலாம் நாள் வட்டக் கறையோடு திரும்பியது.
ஓரத்தில் அவர் கையெழுத்து:
பாதி இந்த மாதம். மீதி, இலை வந்த பிறகு.

போன வாரம் ஒருவர்
இரவெல்லாம் முற்றத்தில் மழைச் சத்தம் என்று
இரண்டு நட்சத்திரம் குறைத்தார்.
ஈப்போவிலிருந்து வந்த தம்பதி
அதே சத்தத்துக்காக
இன்னும் இரண்டு இரவு தங்கினார்கள்.
எதை வைத்து எதை வெல்வது என்று
எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
முள் நின்றால் போதும்.

பாங்கு ஒலிக்கும் முன்
தெருவைக் கடந்து வருகிறான் ரொஸ்லான்,
எதிர் விடுதியின் பராமரிப்பாளன்,
முழங்கை வரை நனைந்து.
அவர்களுடைய மீட்டரும் ஓடுகிறதாம்,
பத்து நாளாக,
கொடிச் சுவருக்குப் பின்னால் எங்கேயோ.
கடை திறக்க ஒன்பதாகும்.

சட்டைப் பையில் தடவினேன்.
ஒரே ஒரு வளையம் மிச்சம்.
ஐந்தடியில் நின்றபடி அவன்
சில்லறை எடுக்கப் போனான்.

"பசியாற வாங்கிக் கொடு, போதும்" என்றேன்.
விளக்கை அணைக்காமல் அவனோடு நடந்தேன்,
அந்தச் சுவருக்குப் பின்னால்
என்ன இருக்கிறது என்று
எனக்கும் பார்க்க வேண்டியிருந்தது.