அண்ணன் இல்லாத பிரதி

ராத்திரி ஒன்றேகாலுக்குக் கரண்ட் வருகிறது.
"மீ லாபீ!" என்று தாக்கேட்டா தெருவே கத்துகிறது,
விளக்கு வந்துவிட்டதாம்.
பாதித் தூக்கத்தில் பிள்ளைகள் கத்துகிறார்கள்,
கனவிலும் முறை தவறாமல்.
அடுத்த வீட்டில் மோட்டார், எதிர் வீட்டில் சோற்றுப் பானை,
என் வீட்டில் கம்ப்யூட்டர்.
நாலு மணி நேரம். அதற்குள்
ரத்தினசபாபதி வீட்டுக் கல்யாணத்தை முடிக்க வேண்டும்.

கேட்டது சின்ன வேலைதான்.
"பையன் மூஞ்சி மட்டும் எங்கேயும் வரக் கூடாதும்மா.
மாப்பிள்ளை வீட்டுல பேஸ்புக்குல போடுவாங்க.
யார் யார் பார்ப்பாங்களோ."
முன்பணத்தை எண்ணிக்கொண்டே சொன்னார்,
சாம்பாரில் உப்பைக் குறைக்கச் சொல்வது மாதிரி.
பையனுக்கு இருபத்து நாலு.
பட்டியலில் பேர் வந்திருக்கிறது.
எந்தப் பட்டியல் என்று நான் கேட்கவில்லை.
ரங்கூனில் இப்போது பட்டியல் என்றால் ஒன்றுதான்.

பதினோரு வருஷமாக இந்தத் தொழில்.
மாமியார்களின் மருவை அழித்திருக்கிறேன்.
பந்தியில் ஏப்பம் விட்ட பெரியப்பாவை,
விவாகரத்தான பிறகு ஒரு வீட்டின் மூத்த மருமகளை
(அவளை எடுக்க மூன்று நாள் ஆனது,
எல்லாப் படத்திலும் சிரித்துக்கொண்டிருந்தாள்).
மழையில் தொங்கிய பந்தலுக்கு வெயில் போட்டிருக்கிறேன்.
பொய் என்று ஒருத்தரும் சொன்னதில்லை.
அழகு என்றார்கள்.

இந்தக் குணாளன்
எங்கேதான் இல்லை?
மாப்பிள்ளைக்குக் குடை பிடிப்பவன் அவன்.
ஐஸ் பெட்டி தூக்குபவன்.
ஜெனரேட்டர் நின்றபோது டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
கயிற்றை இழுத்துக் கையை அறுத்துக்கொண்டவன்.
தங்கையின் தோழிகளுக்கு லாபெட் தட்டை நீட்டுகிறான்,
அவர்கள் "கோ மின் தூ" என்கிறார்கள், திரும்புகிறான்.
குருக்கள் "குணாளா" என்கிறார், திரும்புகிறான்.
இரண்டு பேர் உள்ளவனை
இரண்டு தடவை வெட்ட வேண்டியிருக்கிறது.
முகத்தை எடுத்த பிறகும் சிரிப்பு நிற்கிறது ஒலியில்.
அதன் மேல் நாதஸ்வரத்தை ஏற்றினேன்.

மூன்றரை மணி. பொரியிடும் இடம்.
அண்ணன் பொரியை அள்ளித் தங்கை கையில் போட வேண்டும்,
அவள் அதை அக்கினியில் இட வேண்டும்.
வேறு வழியே இல்லை.
அண்ணனை வெட்டினால்
பொரி வானத்திலிருந்துதான் விழ வேண்டும்.
படத்தை நெருக்கினேன். முகம் போனது. தோள் போனது.
பெரிதாக்கப் பெரிதாக்கப் புள்ளி புள்ளியாக உடைகிறது.
மிஞ்சியது முழங்கைக்குக் கீழே இரண்டு கை,
வலது உள்ளங்கையில் பிளாஸ்திரி.
அதையும் அழிக்கலாம். ஐந்து நிமிட வேலை.
அழிக்கவில்லை.
கை நடுங்குகிறதா, தீக்கு மேலே காற்று நடுங்குகிறதா,
பத்து முறை ஓட்டியும் தெரியவில்லை.
நாலைந்து பொரி பாயில் சிந்துகிறது.
தாலி கட்டும்போது மெதுவாக ஓடட்டும் என்று
எல்லோரும் கேட்பார்கள்.
நான் இங்கே மெதுவாக்கினேன். யாரும் கேட்கவில்லை.

அசலை அழித்துவிடச் சொல்லியிருந்தார் அப்பா.
மறுநாள் மெஹந்தி காயாத கையோடு
கல்யாணப் பெண் தனியாக வந்தாள்:
"வச்சிருங்கக்கா. எப்பவாவது கேப்பேன்."
வைத்திருக்கிறேன்.
கோப்பின் பேர்: சர்க்கரைப் பொங்கல் செய்முறை.
போனைச் சோதிக்கிற பையன்கள்
அதைத் திறந்து பார்க்க மாட்டார்கள் என்று நம்புகிறேன்.
அவர்களும் அவன் வயசுதான்.

ஐந்து மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து ஒரு செய்தி.
வேறு நாட்டு நம்பர்.
"அக்கா, நான் வந்திருக்கேனா?"

இல்லை என்று அடித்தேன்.
இல்லை என்பதை அழித்தேன்.
கை மட்டும் என்று அடிக்கும்போது
கால் மணி முன்னதாகவே கரண்ட் போனது,
கூடவே சிக்னலும்.

போகும்போது தெரு கத்துவதில்லை.